அது அசோகம் இல்லை, நெட்டிலிங்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் ஒரு பள்ளிக்கூட வாசலைப் படம் போட்டு, 'அசோக மரங்கள் அணிவகுக்கும் வளாகம்' என்று எழுதியிருந்தீர்கள். கொடிக்கம்பம் மாதிரி நெட்டுக்கு நிற்கிற அந்த மரம் நெட்டிலிங்கம், சீத்தாப்பழத்தின் உறவு. அசோகம் வேறு. புளி, கொன்றையோடு சேர்ந்த அவரைக் குடும்பம் அது; மழைக்காட்டு ஓடைக்கரைகளில் வளர்வது.

உங்களைக் குறை சொல்லியும் பயனில்லை. 32 வருடம் தபால்காரனாக இருந்தவன் நான். அசோகா நகர், அசோகா இல்லம் என்று எத்தனையோ விலாசத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். ஒரு வாசலில்கூட அசோகம் நின்றதில்லை.

மலையில் காரையாறு பக்கம் காணிக்காரப் பழங்குடியினர் குடியிருப்புக்கு முதியோர் பணம் மணியார்டர் கொண்டுபோன ஒரு பங்குனியில்தான் அசோகம் எது என்று எனக்கே தெரிந்தது. பணம் வாங்க வேண்டிய பெரியவர் ஓடைப் பக்கம் போயிருக்கிறார் என்றார்கள். தேடிப் போனால், ஒரு குட்டை மரத்தின் அடிமரத்திலும் முற்றிய கிளைகளிலும் கொத்துக் கொத்தாக ஆரஞ்சுப் பூ அப்பிக் கிடக்கிறது. மஞ்சளாய் மலர்ந்து போகப் போகச் சிவக்கிற பூ. அதற்கு அல்லியிதழே கிடையாது, நிறமாகத் தெரிவது புல்லிவட்டம், அதாவது பூவின் வெளியடுக்கு என்று பிற்பாடு படித்தேன். கொழுந்தெல்லாம் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கியது. மரம் வாடுதோ என்று கேட்டேன். "பிள்ளை இலை அப்படித்தான் கெடக்கும் சாரே, பச்சை ஏறுனா நிமிந்துரும்" என்றார் பெரியவர். பழந்தமிழில் பிண்டி, செயலை என்றதும், சமணர் வணங்கும் அருகன் நிழலில் அமர்ந்தான் என்றதும் இதைத்தான்.

பெயர் மாறினால் என்ன என்று கேட்பீர்கள். என் மனைவிக்குப் பெரும்பாடு, அதாவது மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு, வந்தபோது வைத்தியர் அசோகப்பட்டை எழுதிக் கொடுத்தார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிப் போனதை ஒடித்துப் பார்த்துவிட்டு, "இது நெட்டிலிங்கப் பட்டை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கடை அண்ணாச்சி ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் அதுதான் அசோகா.

அசல் மரமோ அருகி வருகிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிய வாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. அசோகாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்துக்கு வேண்டியது பட்டை. சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் நின்றபடியே காய்ந்துபோகும். விதையும் நாள்பட்டால் முளைக்காது, விழுந்த சூட்டோடு ஊன்ற வேண்டும். நம் பக்கத்துக் காடு 1988 முதல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமாக இருப்பதால் அங்கே நிற்பதற்குக் காவல் உண்டு. ஊருக்குள்தான் ஒன்றும் இல்லை. நாற்றங்கால்களில் 'அசோகா' என்று கேட்டால் நெட்டிலிங்கக் கன்றைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். வாங்கி நட்டவருக்கு அசோகம் நட்ட திருப்தி வந்துவிடுகிறது. வனத்துறை நாற்றங்காலில் பிண்டிக் கன்று வளர்த்துக் கொடுத்தால், கன்னடியன் கால்வாய்க் கரை ஈரத்துக்குத் தோதாக இருக்கும். எங்கள் தெருவில் ஐந்தாறு பேர் தண்ணீர் ஊற்றத் தயார்.

அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள். கூடவே அசல் பூவின் படமும் போட்டால் நல்லது. கருப்பு வெள்ளையில் வேண்டாம்.

- ஓய்வு பெற்ற தபால்காரர், கல்லிடைக்குறிச்சி