நுழைவாயில் எங்கே இருக்கிறது, ஐயா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் வணிகப் பக்கத்தில், இந்தியாவுக்கு நுழைவாயில் இலங்கைதான் என்று வெளிநாட்டு முதலீட்டாளர்களை அழைத்து வந்த கட்டுரையைப் படித்தேன். இலங்கையில் கால் வைத்தவனுக்கு இந்தியாவின் 140 கோடிப் பேரும் பக்கத்து வீட்டுக்காரர்தான் என்று அதில் ஒரு வரி. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, அப்புறம் மறுபடியும் எடுத்துப் படித்தேன். நான் இந்த மண்ணில் கால் வைத்து அறுபத்தொரு வருடமாகிறது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை இன்னும் சந்திக்கக் கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்துக்குப் பக்கத்தில் சிறிய ஆலை வைத்திருக்கிறேன். மிளகாய்த்தூள், கறித்தூள், ஒடியல் மா. வேலைக்கு ஏழு பெண்கள். போன வருடம் சென்னையில் கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் கேட்டாரென்று 400 கிலோ தூள் அனுப்பினேன். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் சுமார் 60 கடல் மைல். என் தூளோ முதலில் லொறியேறித் தெற்கே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் போய்க் கொழும்பைச் சேர்ந்தது. அங்கே மற்றவர்களின் சரக்கோடு கொள்கலன் நிரம்பும்வரை காத்துக் கிடந்தது. பொருள் எந்த நாட்டில் செய்தது என்று காட்டும் மூலச் சான்றிதழுக்காக ஒரு தடவை, அதில் விழுந்த எழுத்துப் பிழைக்காக இன்னொரு தடவை, நானும் இரவு பஸ்ஸில் கொழும்பு போய் வந்தேன். படிவம் ஆங்கிலத்தில். விளக்கம் கேட்டால் சிங்களத்தில். அரசியலமைப்பில் தமிழும் அரசகரும மொழிதான் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சென்னையில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அது சரி, சாப்பிடுகிற பொருள், பார்க்கத்தான் வேண்டும். பிறகு பொதியில் பச்சைப் புள்ளி இல்லை என்றார்கள். மிளகாய்த்தூளில் மாமிசம் இல்லை என்று காட்ட வேண்டுமாம். ஸ்டிக்கர் அடித்து, ஆள் பிடித்து, ஒவ்வொன்றாக ஒட்டி முடிப்பதற்குள் கிடங்கு வாடகை ஏறிவிட்டது. கணக்குப் பார்த்தால், தூளின் விலையைவிட அது போன வழிச்செலவு கூட. அந்த நாட்களிலேயே நான் காங்கேசன்துறையில் பயணிகள் கப்பலேறி நாகபட்டினம் போனேன். நாலு மணித்தியாலம். பையில் உறவினர் வீட்டுக்கென்று இரண்டு கிலோ தூள் இருந்தது. ஒருவரும் பச்சைப் புள்ளி கேட்கவில்லை.

அந்தக் கப்பலின் கதையும் உங்களுக்குத் தெரியும். 2023 ஒக்ரோபரில் மாலை மரியாதையோடு தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, அடுத்த ஓகஸ்டில்தான் மறுபடி ஓடியது. என் அப்பு இந்தக் கூத்தெல்லாம் பார்க்கவில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் ரயில். அவர் கொழும்புக்குப் போனதைவிடச் சென்னைக்குப் போனதுதான் அதிகம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. பிறகு ராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலை யுத்தம் நிறுத்தியது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்கா வரை போனது. அந்தக் கரையிலிருந்து 400 கிலோ தூளை எதிர்க்கரைக்கு அனுப்ப இன்று எங்களுக்கு வழியில்லை. வாசல் எங்கள் வீட்டில்தான் இருந்தது, ஐயா. சுவர் வைத்து அடைத்துவிட்டு இப்போது வரைபடத்தில் வாசல் கீறுகிறார்கள்.

1998 டிசம்பரில் இந்தியாவோடு சுதந்திர வர்த்தக உடன்படிக்கை கைச்சாத்தானது. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் இதே நுழைவாயில் கதைதான். உள்ளே நுழைந்தது யார்? வனஸ்பதியும் செம்பும். இந்தியாவில் பாமாயிலுக்கு வரி கூட, இங்கே குறைவு. பாமாயிலை இங்கே இறக்கி, வனஸ்பதியாக்கி, உடன்படிக்கையின் சலுகையில் இந்தியாவுக்கு அனுப்பலாம் என்று அந்த வித்தியாசத்தை நம்பி வந்து ஆலை போட்டார்கள், இந்தியா பிடியை இறுக்கியதும் மூடிவிட்டுப் போனார்கள். மாத்தளையில் மிளகு வாங்கி விற்கும் என் மைத்துனர் வேறொரு விதமாகப் பட்டவர். வியட்நாம் மிளகு இலங்கைப் பெயரில் வருகிறது என்று இந்திய விவசாயிகள் கொதித்தார்கள். 2017 டிசம்பரில் டெல்லி, கிலோவுக்கு 500 இந்திய ரூபாய்க்குக் குறைந்து மிளகு இறக்கக் கூடாது என்றது. யாரோ எங்கள் வாசலால் நுழைய, கதவு சாத்தப்பட்டது மாத்தளைக்காரனின் முகத்தில்.

அம்பாந்தோட்டைத் துறைமுகம், மத்தள விமான நிலையம், கொழும்புத் துறைமுக நகரம் என்று உங்கள் கட்டுரையாளர் வரிசைப்படுத்தியிருக்கிறார். முதலாவதை 2017இல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று. இரண்டாவதில் நெல் மூட்டை அடுக்கியதை நாடே பார்த்துச் சிரித்தது. மூன்றாவது கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர் நிலம். அதைப் பற்றி இப்போதைக்கு வாய் திறக்கவில்லை.

எங்கள் பழைய வீடுகளில் சங்கடப்படலை இருக்கும். கூரை போட்ட வாசற்படலை, இரண்டு பக்கமும் திண்ணை. வழிப்போக்கர் இருந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். கொழும்புத் துறைமுகம் அப்படித்தான் ஓடுகிறது. அங்கே கப்பல் மாறும் பெட்டிகளில் பெரும்பகுதி இந்தியச் சரக்கு. 2025 மே மாதம் கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்தைத் திறந்துவிட்டார்கள். வழிப்போக்கருக்கு இனி அங்கேயும் திண்ணை இருக்கிறது. இதைப் பற்றி அந்த அரைப் பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் கால்வாசி இடம் ஒதுக்கி, இந்தியாவுக்கு உணவுப்பொருள் அனுப்ப என்னென்ன பத்திரம் வேண்டும், எந்த அலுவலகத்தில் எடுக்க வேண்டும், பொதியில் எவை இருக்க வேண்டும் என்று தமிழில் அச்சிடுங்கள். பச்சைப் புள்ளியின் அளவையும் மறக்காமல் போடுங்கள். எழுத்துக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். வெட்டி ஒட்ட ஆலைச் சுவரில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
சிறு ஆலைக்காரன் ஒருவன்,
சுன்னாகம்.