செருப்பைக் கழற்றச் சொன்ன நாள்: திருச்சபைப் பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும், ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், பள்ளிக்காக நன்கொடை திரட்டும் பெரியவர்களுக்கும்,

வணக்கம். நகரத்தின் நெரிசலான உள்தெருக்களில், வசதியில்லாத பிள்ளைகளுக்காகத் திருச்சபை நடத்தும் பள்ளி ஒன்றில் 26 வருடம் பாடம் எடுத்தவள் நான். இப்போது ஓய்வில் இருக்கிறேன். பள்ளியின் பெயர் இந்த மடலுக்குத் தேவையில்லை. நான் சொல்லப்போவது அங்கே மட்டும் நடக்கிற காரியமும் இல்லை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்க ஆள் வந்திருந்தார். பார்த்தாலே மனசு இளகுகிற மாதிரி ஒரு பிள்ளை வேண்டும் என்றார். நான்காம் வகுப்புப் பையன் ஒருவனை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு அவன் காலில் புதுச் செருப்பு. நாலு வீட்டில் வேலை செய்து அவன் அம்மா வாங்கிக் கொடுத்தது. காலையிலிருந்து எதிரே வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான். படக்காரர் அவன் காலைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. “செருப்பைக் கழற்றி அந்தப் பக்கம் வைப்பா” என்றேன். கழற்றினான். சிரிக்க வேண்டாம் என்றும் சொன்னோம். படம் அட்டையில் வந்தது, நன்கொடையும் நன்றாகவே வந்தது. அந்தப் பணத்தில்தான் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டினோம். அதையும் மறைக்கவில்லை.

பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அன்றைக்கு அவனிடம் வாங்கியதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இப்படி வாங்குவது பல வகை. உதவி செய்பவருக்குக் கடிதம் எழுதும் நாள் என்று ஒன்று உண்டு. கரும்பலகையில் நான் எழுதிப்போடுவேன், வகுப்பு முழுக்க அதைப் பார்த்து எழுதும். ‘உங்கள் உதவியால்தான் நான் படிக்கிறேன், உங்களுக்காக தினமும் ஜெபிக்கிறேன்.’ ஒரு பிள்ளை எழுதி முடித்துவிட்டு, “இவர் யாரு டீச்சர்?” என்று கேட்டது. எனக்கும் தெரியாது. காலைக் கூட்டத்தில் இலவசச் சீருடை வாங்குகிறவர்கள் மட்டும் முன்னால் வரவேண்டும் என்பது இன்னொன்று. எல்லாவற்றிலும் மோசமானது, வருடத்தில் ஒரு ஞாயிறு ஆராதனையில் பிள்ளைகளை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பது. “எங்க அப்பா குடிப்பாரு, அம்மாவை அடிப்பாரு, இந்தப் பள்ளிக்கூடம் இல்லைன்னா நான் தெருவுல நின்னுருப்பேன்.” கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். உள்தெருவில் சுவருக்குச் சுவர் ஒட்டி வீடு. ஆராதனை முடிவதற்குள் அந்த வீட்டுச் சங்கதி தெருக்கோடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மேடையில் நின்ற பிள்ளை அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்கு நடக்க வேண்டும்.

நம் முன்னோடிகள் இப்படிச் செய்யவில்லை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் என்ற கத்தோலிக்கக் குரு ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். லத்தீனில் எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்த காலத்தில், பிள்ளைகள் வீட்டில் பேசிய பிரெஞ்சிலேயே படிக்கச் சொல்லிக்கொடுத்தார். பாரீசுக்குப் பள்ளி வந்ததும் சிக்கல் தொடங்கியது. கட்டணம் வாங்கிக்கொண்டு எழுதக் கற்பித்த ஆசிரியர்களின் சங்கம் வழக்குப் போட்டது. காசு கொடுக்கக்கூடியவர்களின் பிள்ளைகளும் இலவசப் பள்ளிக்குப் போகிறார்கள், எங்கள் பிழைப்பு கெடுகிறது, ஏழை என்று உறுதியான பிள்ளைகளை மட்டும்தான் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். லசால் மட்டும் வாசலில் நின்று யார் ஏழை, யார் இல்லை என்று பிரிக்கவில்லை. 1700களின் தொடக்கத்தில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது, அபராதமும் விழுந்தது. பிரிக்காமல் விட்டதில் ஒரு பெரிய லாபம் உண்டு. எல்லாருக்கும் இலவசம் என்றால், இந்தப் பள்ளியில் படிப்பதால் ஒரு பிள்ளை ஏழை என்று ஆகிவிடாது.

இங்கிலாந்தின் குளோஸ்டரில் 1780இல் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியபோது, வாரமெல்லாம் வேலைக்குப் போன பிள்ளைகள்தான் வந்தார்கள். உடுத்த நல்ல துணி இல்லையே என்று தயங்கியவர்களிடம் அவர் கேட்டது, கழுவிய கையும் முகமும் வாரிய தலையும் மட்டும். பள்ளிக்கு வர அவ்வளவு போதும் என்றார். நாம் வாரிய தலையைக் கலைத்துப் படம் எடுக்கிறோம்.

இத்தாலியக் குரு தொன் போஸ்கோவைப் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்பதால் ஒன்றே ஒன்று. டூரின் நகருக்கு வேலை தேடி வந்த பையன்களைச் சேர்த்துக்கொண்டு அவர் இடம் இடமாக அலைந்தார். சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் விரட்டினார்கள். 1846இல்தான் அந்த நகரின் வால்தோக்கோ பகுதியில் ஒரு கொட்டகை கிடைத்தது. அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது 1852இல் எழுதிய ஓர் ஒப்பந்தம். தச்சுவேலை பழகப்போன ஒரு பையனுக்காக அவனுடைய முதலாளியோடு எழுதியது. தொழில் சம்பந்தமில்லாத வேலை வாங்கக் கூடாது, கண்டிப்பது வாயால் மட்டும்தான், திருநாட்களில் விடுமுறை, வருடத்துக்கு 15 நாள் ஓய்வு என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். ‘பாவம், ஏழைப் பையன், பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பரிந்துரைக் கடிதம் கொடுத்து அனுப்பவில்லை. அந்தத் தாளில் பையனுக்கு உரிமைகள் இருந்தன.

சரி, அதெல்லாம் பழைய காலம், இன்றைக்குச் சம்பளம் யார் தருவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மாதக் கடைசியில் தாளாளர் அறை விளக்கு நேரங்கழித்தும் எரிவதை நான் பார்த்திருக்கிறேன். சிகாகோவில் குடியேறிகள் நிறைந்த ஒரு பகுதியில் 1996இல் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையார் தொடங்கிய கிறிஸ்டோ ரே பள்ளியின் வழி வேறு. நான்கு மாணவர்கள் சேர்ந்து ஏதாவது ஓர் அலுவலகத்தில் ஒரு வேலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவருக்கு மாதம் 5 நாள். அந்த வருமானம் படிப்புச் செலவில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. அதே முறையில் இப்போது அமெரிக்காவில் முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் நடக்கின்றன. பதின்ம வயதுப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவதில் எனக்கே தயக்கம் உண்டு, எல்லா நாட்டுச் சட்டமும் அதற்கு இடம் கொடுக்காது. அதை அப்படியே செய்யுங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை தன் படிப்புக்குத் தானும் உழைத்துக் கொடுத்தோம் என்று நிமிர்ந்து நடக்கும். நம் பிள்ளை நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறது.

முகம் பார்த்தால்தான் பணம் வரும் என்று ஒரு கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார். வரும்தான். முகம் இல்லாவிட்டால் கொஞ்சம் குறையவும் செய்யலாம். ஆனாலும், வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று வருடத்துக்கு ஒருமுறையாவது பிரசங்கம் கேட்கிறவர்கள்தானே நமக்குக் கொடுப்பவர்கள்? ஒழுகுகிற கூரையைக் காட்டுங்கள், நூலகத்துக்கு வேண்டிய புத்தகப் பட்டியலைக் காட்டுங்கள், கணக்கைக் காட்டுங்கள். பிள்ளைகள் வரைந்த படத்தை அட்டையில் போடுங்கள், அதையும் கேட்டுவிட்டுப் போடுங்கள். சீருடையை எல்லாருக்கும் ஒரே மேசையில் கொடுங்கள். பணம் கட்ட முடிந்தவர்கள் அலுவலகத்தில் தனியாகக் கட்டிக்கொள்ளட்டும். மேடைச் சாட்சியை மட்டும் அடியோடு நிறுத்துங்கள். அதில் பாதிவழி கிடையாது.

அந்தப் பையன் இப்போது வளர்ந்துவிட்டான். சமீபத்தில் பார்த்தபோது அந்த அட்டைப்படத்தைப் பற்றி அவனாகவே பேச்செடுத்தான். அறிக்கையின் ஒரு பிரதி அவன் அம்மா வேலை செய்த வீட்டுக்கு வந்திருக்கிறது. மேசையில் கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, செருப்பு எங்கேடா என்று கேட்டாராம். டீச்சர் கழற்றச் சொன்னாங்க என்றானாம். அதற்குப் பிறகு அவர் பெற்றோர் கூட்டத்துக்கு ஒருமுறைகூட வரவில்லை. மாணவர் குறிப்பேட்டில் அவன் பெயருக்கு நேரே ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று அந்த வருடம் எழுதியவளும் நான்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை