கற்றலினா விளக்கக் காட்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

இரண்டாம் உலகப் போரில் இலங்கையைத் தாக்க வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு அறிவித்த 1942 ஏப்ரல் 4 வேவுப் பறப்பைப் பற்றி வெள்ளவத்தையில் நடந்த விளக்கக் காட்சிக்கு உதவிய அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

கடல் வரைபடம் கீறித் தந்த ஓய்வுபெற்ற மாலுமி ஐயாவுக்குத்தான் முதல் நன்றி. கனேடிய விமானப்படையின் 413ஆம் அணியைச் சேர்ந்த லெனர்ட் பேர்ச்சல் ஓட்டிய கற்றலினா என்ற கடல் விமானம், விடியுமுன் கொக்கலை வாவியில் கிளம்பியது. மாலையிலும் இலங்கைக்குத் தெற்கே ஏறத்தாழ 350 மைலில் அது ஏன் இன்னும் பறந்துகொண்டிருந்தது என்று பலர் கேட்டார்கள். நிலவு எழுந்ததும் அதை அளந்து இருப்பிடத்தைச் சரிபார்க்கவே இன்னொரு சுற்றுப் போனார்கள். காற்றை மணிக்கு 5 மைல் பிழையாகக் கணித்தால், 12 மணிநேரத்தில் 60 மைல் விலகிவிடலாம் என்று ஐயா நூல் பிடித்துக் காட்டினார். இடம் பிழைத்தால் எதிரியைக் கண்டு சொல்லியும் பயனில்லையே!

அடுத்து, தன் பழைய மோர்ஸ் சாவியோடு வந்த தந்தி உத்தியோகத்தர் அண்ணருக்கு. அடிவானத்தில் ஒரு புள்ளி. கிட்டப் போகப் போகக் கப்பல்கள் கூடின. ஒளிய முகில் இல்லை. அப்போதே திரும்பியிருந்தால் "ஏதோ கப்பல்" என்றுதான் அறிவித்திருக்க முடியும். எத்தனை, என்ன வகை, எங்கே, எத்திசை, என்ன வேகம் என்று சொல்லக் கிட்டப் போயே ஆகவேண்டும். வீரம் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். செய்தியை மூன்று முறை அனுப்புவது வழக்கம்; மூன்றாம் முறை முடியுமுன் ஜப்பானியரின் ஸீரோ போர் விமானங்கள் சுட்ட குண்டு வானொலியை நொறுக்கியது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர், அறுவர் சிறைப்பட்டனர். செய்தி எதுவும் அனுப்பவில்லை என்று அவர்கள் சாதிக்க, "திருப்பி அனுப்பு" என்று இலங்கை கேட்டது ஜப்பானியர் காதில் விழுந்துவிட்டது. பிறகென்ன, அடிதான்.

பேர்ச்சலுக்கு இப்பறப்புக்காக டி.எஃப்.சி. என்ற வான்படை வீரப் பதக்கமும், சிறைமுகாமில் காவலரை எதிர்த்து நின்றதற்காக ஓ.பி.ஈ. என்ற பிரித்தானிய விருதும் கிடைத்தன. "இலங்கையின் மீட்பர்" என்ற பட்டம் எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே படுகிறது. பறப்புக்கு மறுநாள் உயிர்த்த ஞாயிறு. எச்சரிக்கை கிடைத்தும், ஜப்பானிய விமானங்கள் வந்தபோது இரத்மலானையில் இருந்த பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் தரையில்தான் நின்றன. கொழும்பிலிருந்து முதல் நாளிரவே வெளியேறிய டோர்செற்சயர், கோர்ண்வோல் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல்கள் இரண்டும் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

கதிரை தந்த அயலவருக்கும் தேத்தண்ணி ஊற்றிய அக்காமாருக்கும் நன்றி. வரைபடத்தைப் பாடசாலைகள் இரவல் எடுக்கலாம். மடிக்காமல் சுருட்டி எடுங்கள், மடிப்பில் மை உதிர்கிறது. மோர்ஸ் சாவி மட்டும் வராது, அண்ணர் விடமாட்டார்.