எல்லிஸ் தீவில் யாரும் பெயரை மாற்றவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், அமெரிக்க முன்னோடிக் குடும்பங்களின் வம்சாவளியைத் தேடுவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நம் பத்திரிகைகளில் அதிகம் பேசப்படாத விஷயம். வெளியிட்டதற்கு நன்றி. ஆனால் அதில் இருந்த ஒரு கருத்தைத் திருத்தியே ஆக வேண்டும். நியூயார்க் துறைமுகத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுகிறவர்களைச் சோதித்து அனுப்பிய எல்லிஸ் தீவில் அதிகாரிகள் வாயில் நுழையாத பெயர்களை மாற்றி எழுதிவிட்டார்கள், அதனால்தான் பல குடும்பங்களின் பழைய பெயர் கிடைப்பதில்லை என்று கட்டுரையாளர் சொல்கிறார். இதே நம்பிக்கையால் நான் நான்கு ஆண்டுகளை வீணாக்கினேன்.

நான் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் வசிக்கிறேன். என் கணவரின் குடும்பம் சுவீடனிலிருந்து வந்து நெப்ராஸ்காவில் நிலம் பிடித்த குடும்பம். என் மாமியாருக்கு இப்போது 88 வயது. “எங்கள் பெயரை எல்லிஸ் தீவில் ஒரு குமாஸ்தா மாற்றிவிட்டான்” என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர். அவருடைய கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன்.

அவர்கள் கப்பலில் வந்தது 1873இல். எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததோ 1892 ஜனவரி 1ஆம் தேதி. அதற்கு முன்பு, 1855 முதல் 1890 வரை, நியூயார்க்கில் வந்திறங்கியவர்கள் மன்ஹாட்டனின் தென்முனையில் இருந்த கேஸில் கார்டன் வழியாகத்தான் போனார்கள். எல்லிஸ் தீவிலும்கூட அதிகாரிகள் பெயர்களைக் கேட்டு எழுதவில்லை. கப்பல் நிறுவனம் தயாரித்துக் கொண்டுவந்த பயணிகள் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். இது தெரியாமல் நான் எல்லிஸ் தீவுப் பதிவுகளை ஆண்டுக்கணக்கில் துழாவிக்கொண்டிருந்தேன்.

இணையத்தில் மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் வம்ச மரங்களும் என்னை ஏமாற்றின. பதினேழு மரங்களில் அந்தக் கொள்ளுப்பாட்டிக்கு ஒரே பிறந்த வீட்டுப் பெயர். பதினேழு பேர் சொல்கிறார்களே, சரியாகத்தான் இருக்கும் என்று நானும் எழுதிக்கொண்டேன். பிறகு ஒருநாள் ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அந்தக் கணக்குப்படி மூத்த மகனைப் பெற்றபோது அவருக்குப் பதினோரு வயது! ஐயோவாவில் வாழ்ந்த, அதே முதற்பெயர் கொண்ட வேறொரு பெண்ணை யாரோ ஒருவர் தவறாக ஒட்டிவிட, மற்ற பதினாறு பேரும் அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒருவர்கூட மூல ஆவணத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வழி திறந்தது நிலக் கோப்பில். 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு மனுப் போட்டு, ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் பட்டா கிடைக்கும். அந்தக் கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகம் பாதுகாக்கிறது. பட்டாவில் ஒரு பெயரும் தேதியும்தான் இருக்கும். கோப்பில்தான் வாழ்க்கை இருக்கிறது. கஸ்டர் கவுண்டியில் இவர்கள் பிடித்த நிலத்தின் கோப்பு என் கைக்கு வந்தபோது இரவு பதினொரு மணி. புல்வேரோடு பாளம் பாளமாக வெட்டிய மண்ணை அடுக்கிக் கட்டிய வீடு, பதினான்குக்கு இருபது அடி. ஒரு கதவு, இரண்டு ஜன்னல். தொண்ணூறு அடிக் கிணறு. உழுத நிலம் முப்பத்தைந்து ஏக்கர், சோளமும் கோதுமையும். இரண்டு அண்டைவீட்டார் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். 1882இல் மனுப் போட்டவர் கணவர். 1889இல் வந்து நின்று, குடியிருப்பை நிரூபித்துப் பட்டா வாங்கியவர் மனைவி. இடையில் கணவர் இறந்துவிட்டார்.

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட கதையில் நிலத்தைச் சம்பாதித்தவர் தாத்தா. அந்த அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கணவன் உயிரோடிருக்கும்வரை மணமான பெண் பொதுவாகத் தன் பெயரில் மனுப் போட முடியாது. விதவையானால் கணவன் தொடங்கியதை முடிக்கலாம். அவர் முடித்திருக்கிறார், சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு, அந்த மண்வீட்டில்.

ஆனால் கோப்பிலும் கணவர் வழிப் பெயர்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அதுதான். 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போ 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் பெரும்பாலும் சிதைந்து, பிறகு மிச்சமும் அழிக்கப்பட்டுவிட்டது. அந்த இடைவெளியை நிரப்ப நெப்ராஸ்காவுக்கு மட்டும் 1885ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். கொலராடோ, ஃப்ளோரிடா, டகோட்டா, நியூ மெக்சிகோ ஆகியவையும் அந்த ஆண்டு எடுத்தன. தேடுகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

கடைசியில் பெயர் கிடைத்தது தேவாலயப் பதிவேட்டில். சுவீடன்காரர்கள் இங்கே நிறுவிய அகஸ்டானா லூத்தரன் சபைகள் உறுப்பினர் பதிவேடுகளைச் சுவீடிஷ் மொழியிலேயே எழுதி வந்தன. பலவற்றின் நுண்படங்கள் இல்லினாய் மாநிலம் ராக் ஐலண்டில் உள்ள ஸ்வென்சன் ஆய்வு மையத்தில் இருக்கின்றன. இவர்கள் முதலில் குடியிருந்த இல்லினாய் ஊர்ச் சபையின் பதிவேட்டில் அந்த அம்மாளின் பிறந்த தேதி, பிறந்த பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி), தகப்பன் பெயரோடு முடியும் அவருடைய சொந்தப் பெயர், மூன்றும் ஒரே வரியில் இருந்தன.

சுவீடன் கிராமங்களில் அப்போது குடும்பப்பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. ஆண்டர்ஸ் என்பவரின் மகன் ஆண்டர்சன், மகள் ஆண்டர்ஸ்டோட்டர். கல்யாணமானாலும் பெண் தகப்பன் பெயரைத்தான் வைத்திருப்பாள். அமெரிக்கா வந்தபின் அக்கம்பக்கத்தாரைப் போல இவர்களே கணவன் பெயரை வீட்டுக்கெல்லாம் பொதுவாக்கிக்கொண்டார்கள். எந்தக் குமாஸ்தாவும் மாற்றவில்லை. என் கணவருக்கு இதைப் புரியவைக்கச் சிரமப்பட்டேன். எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நான் வேலை செய்யும் இடத்தில் என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். முன்னெழுத்தாக இருந்த அவர் பெயர் இங்கே என் குடும்பப்பெயராகிவிட்டது. நூறு ஆண்டு கழித்து என்னைத் தேடும் பேத்தி எங்கே தடுமாறுவாள் என்று எனக்கு இப்போதே தெரியும்.

பங்கின் பெயர் கிடைத்துவிட்டால் சுவீடனில் வேலை சுலபம். பாதிரியார் வீடு வீடாக வாசிப்பும் வேதபாடமும் சோதித்து எழுதிய பதிவேடுகளை அந்நாட்டு தேசிய ஆவணக் காப்பகம் இலவசமாகவே பார்க்கத் தருகிறது. 1900ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில், தாய்மார்களிடம் எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மாள் சொன்ன பதில்: ஏழு, நான்கு. இரண்டு குழந்தைகள் நெப்ராஸ்காவில் புதைக்கப்பட்டவை. மூன்றாவது எங்கே என்று நான் தவித்தேன். அது சுவீடன் பதிவேட்டில் இருந்தது. தலைப்பிள்ளை. கப்பல் ஏறும் முன்பே, எட்டு மாதத்தில் போய்விட்ட பெண் குழந்தை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுரையில் “யாருமில்லாத வெற்றுச் சமவெளி” என்று வருகிறது. அது வெற்று நிலமல்ல. நெப்ராஸ்காவின் லூப் ஆற்றங்கரை பானீ என்ற பூர்வகுடி மக்களின் தாயகம். 1857ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, 1870களில் எஞ்சியதையும் இழந்து, இன்றைய ஒக்லஹோமாவுக்குப் போகும்படி ஆனார்கள். சில ஆண்டுகளிலேயே எங்கள் வீட்டார் அந்தச் சமவெளியில் மனுப் போட்டிருக்கிறார்கள். நான் எழுதிவைத்திருக்கும் குடும்ப வரலாற்றில் முதல் பக்கம் இதுதான். மாமியார் ஒத்துக்கொண்ட பிறகே அதை எழுதினேன்.

போன மாதம் அவரிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் படித்தார். பிறகு குடும்ப பைபிளை எடுத்துவரச் சொல்லி, பிறப்புகள் எழுதும் பக்கத்தில் இடம் தேடி, கொள்ளுப்பாட்டியின் சொந்தப் பெயரையும் அந்தக் கைக்குழந்தையின் பெயரையும் தன் கையாலேயே எழுதினார். கை நடுங்கியதால் நேரமானது. நான் உதவவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்.

எல்லிஸ் தீவு பற்றிய அந்த வரியையும், வெற்றுச் சமவெளி என்ற சொல்லையும் அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லிங்கன், நெப்ராஸ்கா