வெஸ்ட் பாயின்ட்டில் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

என் கணவர் நேற்று மாலை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டார். அமெரிக்க ராணுவக் கல்லூரி இருக்கும் வெஸ்ட் பாயின்ட்டைச் சுற்றிப் பார்க்கப் போன அன்று நடந்தது உங்கள் அனைவருக்கும் தெரியுமாதலால் அதை மீண்டும் எழுதப் போவதில்லை. எழுதவும் இன்னும் கை துணியவில்லை. பேருந்தை நிறுத்திவிட்டு ஓடி வந்த ஓட்டுநர், ஆம்புலன்ஸை வரவழைத்த வழிகாட்டி, அது வரும்வரை அவரைத் தாங்கிப் பிடித்திருந்த இரண்டு கேடட்டுகள், இரவெல்லாம் என்னருகில் உட்கார்ந்திருந்த நண்பர்கள், முறை வைத்து இன்றுவரை சாப்பாடு அனுப்பும் குடும்பங்கள் என எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது இன்னொருவருக்காக. ஆம்புலன்ஸில் என் ஒருத்திக்குத்தான் இடமிருந்தது. ஒன்பது வயது மகளை வழிகாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு ஏறினேன். நண்பர் போய் அவளை அழைத்து வருவதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அவ்வளவு நேரமும் அவளோடு இருந்தவர், அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் கணவரின் கல்லறைக்குப் பூக்களோடு வந்திருந்த ஒரு மூதாட்டி.

அழுதுகொண்டிருந்தவளை அவர் சமாதானப்படுத்த முயலவே இல்லையாம். 1836-இல் கட்டப்பட்டு, பின்னர் கல் கல்லாகப் பிரித்து இந்தத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கப்பட்ட பழைய தேவாலயத்துக்குள் வழிகாட்டியின் அனுமதியோடு அழைத்துச் சென்று, அமெரிக்க விடுதலைப் போரின் தளபதிகளுக்காகச் சுவரில் பதித்திருக்கும் கறுப்புப் பளிங்குக் கேடயங்களைக் காட்டி, "இவற்றில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருக்கிறது, எது?" என்று கேட்டிருக்கிறார். மகள் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போய் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். மேஜர் ஜெனரல் என்ற பதவி இருந்தது, பிறந்த ஆண்டு 1740 என்று இருந்தது, பெயரைத்தான் காணோம். அது பெனடிக்ட் ஆர்னால்டின் கேடயம்: 1777-இல் சாரடோகா போரில் காலில் குண்டடி பட்டவர், 1780-இல் இதே வெஸ்ட் பாயின்ட் கோட்டையைப் பிரிட்டிஷாரிடம் காட்டிக்கொடுக்க முயன்று தப்பி ஓடியவர். "பெயரே வேண்டாமென்றால் கேடயம் மட்டும் எதற்கு?" என்று இவள் கேட்க, "அவர் போரிட்டதும் உண்மைதானே" என்றாராம். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து அந்தப் பதிலைப் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

பிறகு வெளியே வந்து, உள்நாட்டுப் போர்க்காலத்துத் தளபதியும் பொறியாளருமான எக்பர்ட் வீலியின் பிரமிடுக் கல்லறையையும், அதன் வாயிலில் காவலிருக்கும் ஸ்பிங்க்ஸ் சிலைகளையும் பார்த்திருக்கிறார்கள். உயிரோடு அடக்கம் செய்துவிடுவார்களோ என்று அஞ்சிய வீலி, தோட்டக் காப்பாளரின் வீட்டில் ஒலிக்கும்படி உள்ளே ஓர் அழைப்பு மணி வைத்துக்கொண்டார் என்று அங்கே சொல்வார்களாம். அன்று மகள் முதன்முதலில் சிரித்தது அந்த இடத்தில்தான். மறுநாள் அப்பாவின் கட்டிலோரம் நர்ஸை அழைக்கும் பொத்தானைப் பார்த்ததும், "அப்பா, உங்களுக்கும் வீலியின் மணி கொடுத்திருக்கிறார்கள்" என்றாள். அவரும் சிரித்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த அம்மையாரின் பெயரைக் கேட்டுக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. உங்களில் எவரேனும் அவரை அறிவீர்களானால் இந்த மடலைத் தயவுசெய்து அவரிடம் சேர்த்துவிடுங்கள். என் கணவர் அன்று பார்த்ததெல்லாம் 1778-இல் பிரிட்டிஷ் கப்பல்களைத் தடுக்க ஹட்சன் ஆற்றின் குறுக்கே கட்டிய இரும்புச் சங்கிலியில் அங்கே எஞ்சியிருக்கும் 13 கண்ணிகளைத்தான். மருத்துவர் பயணத்துக்கு அனுமதித்ததும் மீதியை மகளே காட்டப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். அப்போது அந்த அம்மையாருடைய கணவரின் கல்லறைக்கும் நாங்கள் பூக்கள் கொண்டு போவோம். அவர் கொண்டுவந்த பூக்களை இரண்டு மணி நேரமும் கையிலேயே வைத்திருந்துவிட்டு, கடைசியில் மகளும் அவருமாகத்தான் வைத்தார்களாம். அதற்குள் அவை வாடிப் போயிருந்தன என்றாள்.