ஆண்மைக்கென்று போடும் ஊசி

ஆசிரியர் அவர்களுக்கு,

உடம்பைக் கட்டாக்கவும் ஆண்மையைப் பெருக்கவும் என்று ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தேடிவரும் இளைஞர்களை வெள்ளவத்தையில் மருந்தாளராக இருக்கும் நான் அடிக்கடி காண்கிறேன். வைத்தியரின் துண்டு அவர்களிடம் இருப்பதில்லை. தர மறுத்தால், ஜிம்மில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பலர் கலியாணம் பேசியிருப்பவர்கள், சிலர் ஏற்கெனவே பிள்ளைக்காகக் காத்திருப்பவர்கள். அந்த ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்தக்கூடியது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்னும் இரு ஹோர்மோன்களைச் சுரக்கிறது. முன்னது விதைகளை (விரைகளை) தூண்டி டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கவைக்கும். பின்னது விந்தணுக்களை வளர்த்தெடுக்கும் கலங்களை இயக்கும். விந்தணு உருவாக வேண்டுமானால், இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் விதைகளுக்குள்ளேயே இருக்கவேண்டும். வெளியிலிருந்து ஊசி ஏறியதும் இரத்தத்தில் அளவு கூடுகிறது. மேல்தொட்டி நிரம்பியதும் தண்ணீர் மோட்டார் நின்றுவிடுவதுபோல, கபச்சுரப்பி இரண்டு ஹோர்மோன்களையும் அடக்கிக்கொள்கிறது. தோள் பெருக்கும், விதை சுருங்கும்.

இது என் ஊகமல்ல. இந்த ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் பரிசோதித்துப் பார்த்தது. 1990இல் வெளியான அந்த ஆய்வில் வாரம் 200 மில்லிகிராம் போட்டுக்கொண்ட 271 ஆண்களில் 157 பேருக்கு ஆறு மாதங்களுக்குள் விந்தணு முற்றாக இல்லாமற்போனது. நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு மீளும், ஆனால் உடனே அல்ல. ஒரு விந்தணு உருவாகவே ஏறத்தாழ 74 நாட்கள் பிடிக்கும். பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

அந்த மாதங்களில் வீட்டில் பேச்சுக் கேட்பவள் மனைவி. ஸ்கேனுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் அலைபவளும், கோயில் கோயிலாக நேர்த்தி வைப்பவளும் அவள்தான். பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. அப்படியிருந்தும் கணவனின் விந்துப் பரிசோதனை கடைசியில்தான் நடக்கிறது. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

ஊசி போடாதவர்களுக்கும் ஹோர்மோன் கோளாறு வரும். பால் சுரப்பைத் தூண்டும் ஹோர்மோனான புரொலாக்டின் மிகுந்தாலும் தைரொய்ட் பிசகினாலும் விந்தணு பாதிக்கப்படலாம். மிகையான உடற்பருமனில் கொழுப்புத் திசு டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜனாக மாற்றிவிடுகிறது. இவற்றுள் பலவும் மருந்துக்குக் கட்டுப்படுபவை. கபச்சுரப்பியின் குறைபாட்டால் விந்தணு இல்லாதவர்கள்கூட, முறையான ஹோர்மோன் சிகிச்சையால் தந்தையாகியிருக்கிறார்கள்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் புதுமணத் தம்பதியருக்கு நடத்தும் வகுப்புகளில் மாப்பிள்ளைமாருக்கு இதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். உங்கள் சுகாதாரப் பக்கத்திலும் அகஞ்சுரக்கும் தொகுதி (ஹோர்மோன்) நிபுணர் ஒருவரை எழுதச் செய்யுங்கள்.

ஏற்கெனவே ஊசி போட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வைத்தியரிடம் அதை மறைக்காதீர்கள். எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் அடிமட்டத்தில் இருப்பதைக் கண்டால் அவர் கபச்சுரப்பியில் கட்டி இருக்குமோ என்று தேட வேண்டிவரும். உங்கள் பணமும் மாதங்களும் அதில் வீணாகும்.

இப்படிக்கு,
மருந்தாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.