காத்திருக்கிறவர்களும் சாப்பிட வேண்டுமே

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலிக்குத் தைலம் மட்டும் போதாது, டாக்டரைப் பார். இங்கே பர்மாவில், மோல்மீனில் நாங்கள் எல்லோரும் சுகம். மின்சாரம்தான் வருவதும் போவதுமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டுக் கரேன் இனத்து அம்மாவை உனக்கு நினைவிருக்கும். அவருடைய தங்கை, தாய்லாந்து எல்லையில் உள்ள மே லா அகதிகள் முகாமில் இருக்கிறார். 1984-இல் வந்த முகாம் அது. தங்கையின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணமும் முடித்துவிட்டார்கள். எல்லையோரத்தில் இப்படி ஒன்பது முகாம்கள். 2005 முதல் அமெரிக்காவும் வேறு சில நாடுகளுமாக ஒரு லட்சம் பேருக்கு மேல் அழைத்துக்கொண்டன. ஆனால் இங்கே சண்டை ஓயாததால் போனவர்கள் இடத்துக்குப் புதியவர்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள்.

வெளிநாடு போவது லேசில் நடப்பதில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையம் விசாரித்துப் பெயரைப் பரிந்துரைக்கும். அப்புறம் அழைக்கும் நாட்டின் அதிகாரிகள் வந்து மறுபடி முதலிலிருந்து கேட்பார்கள். கைரேகை, நெஞ்சு எக்ஸ்ரே, தாய்லாந்து அரசின் அனுமதி என்று நீளும். ஒருவருக்குக் காசநோய் என்றால் மொத்தக் குடும்பமும் காத்திருக்கும். இத்தனையும் முடித்து அந்தத் தங்கை குடும்பம் பயணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், 2025 ஜனவரியில் அமெரிக்கா அகதிகளை ஏற்பதை நிறுத்திவைத்தது. விமானத்துக்குப் புறப்பட்டிருந்த சிலரையே முகாமுக்குத் திருப்பி அனுப்பினார்கள். பெரும்பாலும் ஒரே நாட்டை நம்பி இத்தனை பேருடைய வாழ்க்கையைக் கட்டி வைத்தது பெரிய தவறு என்று எனக்குப் படுகிறது. பத்து நாடுகள் ஆளுக்குக் கொஞ்சம் பேரை ஏற்றிருந்தால், ஒன்று கைவிட்டாலும் மற்றவை இருந்திருக்கும்.

இதற்கு நடுவே ஒரு நல்ல செய்தி. அகதிகளின் உரிமைகளைச் சொல்லும் 1951 ஐ.நா. உடன்படிக்கையில் தாய்லாந்து கையெழுத்திட்டதில்லை. முகாம் வேலியைத் தாண்டி வேலைக்குப் போனால் குற்றம் என்றுதான் இருந்தது. வெளிநாட்டு உதவி சுருங்கி அரிசிக்கே தட்டுப்பாடு வந்த பிறகு, 2025 ஆகஸ்டில் தாய்லாந்து அமைச்சரவை, நெடுங்காலம் முகாமில் இருப்பவர்கள் சட்டப்படி வேலை செய்யலாம் என்று முடிவெடுத்தது. நாற்பது வருஷம் தாமதம்தான், ஆனாலும் மனதார வரவேற்கிறேன். வெளிநாட்டில் மறுகுடியமர்த்தல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை ஒரு மனுஷன் தன் கையால் சம்பாதித்துச் சாப்பிட வேண்டும்.

பர்மாவிலிருந்து தப்பி ஓடி வங்காளதேசத்தில் இருக்கும் ரோஹிங்கியா முஸ்லிம்களைப் பார். 2017 நவம்பரில் இரண்டு அரசுகளும் திருப்பி அழைக்க ஒப்பந்தம் போட்டன. அடுத்த வருஷம் பஸ்களை நிறுத்திவைத்துக் காத்திருந்தார்கள், ஒருவரும் ஏறவில்லை. குடியுரிமையும் பாதுகாப்பும் தருவதாக யாரும் சொல்லாதபோது எப்படி ஏறுவார்கள்? போகிறவர்களை உட்கார வைத்துப் பேசாத ஒப்பந்தம் அது.

நம் ஆட்களுக்கும் இதுதானே நடந்தது? நீங்கள் ரங்கூனில் கப்பல் ஏறிய அதே 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டன. எந்தத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் போய், உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று முதலில் கேட்டார்கள்?

திருச்சியில் உன் வீட்டுக்குக் கொட்டப்பட்டு முகாம் தூரமில்லையே. அங்கே இருக்கிற இலங்கைத் தமிழர்களிடம் பேசிப் பார். ஊர் திரும்ப நினைக்கிறார்களா, இந்தியக் குடியுரிமை கேட்கிறார்களா, பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்? விவரமாக எழுது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் பர்மியத்தில் படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மோல்மீன் தோழன்